கோடு போட்ட முகங்கள்

பிப்ரவரி 6

மகனுக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். அதற்கு வருத்தம் தெரிவிக்க இதை எழுதவில்லை. நீ பேசிய பேச்சுக்கு வேறொருத்தி இன்னும் முன்பே வைத்திருப்பாள். இனி எதுவாக இருந்தாலும் எழுது. போனில் சொன்னதை மறுநாள் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மாற்றிக்கொள்ளலாம். காகிதத்தில் எழுதியது எழுதிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

உன் மைத்துனியின் கல்யாணத்தில் உன் மாமியாரை நான் மதிக்கவில்லை என்றாய். அத்தனை கூட்டத்தில் யார் வந்தார், யார் போனார் என்று எப்படிப் பார்ப்பது? எனக்குத் திமிர் என்று உன் மனைவி சொன்னாளாம். கான்வென்ட்டில் படிக்கும்போது மதர் சுப்பீரியரே என்னை நிற்கவைத்து அதைச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தபோது வார்டில் பாதிப் பேர் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். உன் மனைவி புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து, பொம்மைப் படம். வீட்டு வேலைக்கு வரும் புயல் உன்னிடம் வத்தி வைத்திருக்கிறாள். (அவள் நடக்கிற வேகத்தைப் பார்த்து உன் அப்பா வைத்த பெயர். அவளுக்கும் அது தெரியும், பெருமையாகத்தான் இருக்கிறாள்.) ஆம், பார்க்கிறேன். உன் அப்பாவின் பல் கிளினிக்கை மூடியபோது காத்திருக்கும் அறையிலிருந்த சிடிக்களைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோமே, அவைதான். பழைய படங்கள், கையால் வரைந்தவை. திருட்டுத்தனமாக ஒன்றும் பார்க்கவில்லை. வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். இந்த வயதில் நான் எதைப் பார்க்கலாம் என்று எனக்கு யாரும் சீட்டு எழுதித் தர வேண்டாம்.

பதில் எழுதுவதாக இருந்தால் பெரிய எழுத்தாக, கறுப்பு மையில், தடித்த பேனாவால் எழுது. உன் கையெழுத்து பள்ளிக்கூடத்திலேயே எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதற்காக உன்னை இம்போசிஷன் எழுதவைத்தும் பயனில்லாமல் போயிற்று.

எழுதியதைத் திருப்பிப் படிக்கவில்லை.

அம்மா


பிப்ரவரி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே தடித்த பேனாவால் எழுதுகிறேன். கட்டட வரைபடத்துக்குத் தலைப்பு எழுதும் பேனா. இதைவிடத் தடிமனாக என்னிடம் இல்லை.

சண்டை போட நான் அன்று போன் செய்யவில்லை. பயந்துபோய்ச் செய்தேன். அதை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

மண்டபத்தில் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் மாமியார் சிரித்துக்கொண்டே நேர் எதிரே வந்தார். நீங்கள் ஒரு தூணைத் தாண்டிப் போவதுபோல அவரைத் தாண்டிப் போனீர்கள். அதையாவது கூட்டம், அவசரம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அடுத்த நிமிஷம் வீடியோ எடுக்க வந்தவரை நிறுத்தி, "முழங்கால் வலி இப்ப தேவலையா? அந்தத் தைலம் போட்டீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தீர்கள். அவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு "போட்டேம்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து விழித்தார். முழங்கால் வலி என் மாமனாருக்கு. அவரைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

புயலைத் திட்டாதீர்கள். நான் கேட்டதால்தான் சொன்னாள். "அம்மா காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பொம்மைப் படந்தாங்க. டிவியில மூக்கு இடிக்கிற மாதிரி நாற்காலியப் போட்டுக்கிட்டு, தலைய ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, தானா சிரிக்கிறாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க." அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு வரிகளை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். கோடில்லாத தாளில் அளவுகோல் வைத்தாற்போல எழுதுகிற அம்மா அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. எழுதியதைத் திருப்பிப் படிக்காமல் தபாலில் போடும் அம்மாவையும் எனக்குத் தெரியாது.

என் ஆபீஸ் நண்பர் ஒருவருடைய தாயாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் முகம் மறந்தது, பிறகு சின்னப் பிள்ளைபோலப் பொம்மைகள் கேட்டார். ஒரு ஞாபகசக்தி மருத்துவரிடம் உங்களைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களோடு வந்துவிடுங்கள். தெருப்பக்கம் பார்த்த அறையைக் காலி செய்துவைத்திருக்கிறேன். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம்.

கோபப்படாமல் யோசியுங்கள்.

உங்கள் மகன்


பிப்ரவரி 24

மகனுக்கு,

யோசித்தேன். கோபத்தோடுதான் யோசிக்க முடிந்தது.

மேட்ரன் என்றால் வார்டில் எல்லாருக்கும் பெரியவள் என்று நீ சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தாய். பெரியவள் பார்த்த சில காட்சிகளை உனக்குச் சொன்னதில்லை. பெண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கைக்கு ஒரு அம்மாள் வந்தாள். மகன் கொண்டுவந்து சேர்த்தான். நல்லவன், அழுதான்கூட. "ரெண்டு டெஸ்ட் எடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன், மேட்ரன்" என்றான். டெஸ்ட்டில் அவளை வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். பயத்தில் பாதிக்குப் பதில் வரவில்லை. அதன்பிறகு அவள் எது சொன்னாலும் அவளுக்குப் புத்தி சரியில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. பசிக்கிறது என்றாலும் அப்படித்தான், பசிக்கவில்லை என்றாலும் அப்படித்தான். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. வீட்டையும் அதற்குள் விற்றுவிட்டிருந்தார்கள். ஆகவே தெருப்பக்கம் பார்த்த அறை என்று நீ எழுதும்போது எனக்கு அந்த ஜன்னலோரப் படுக்கைதான் தெரிகிறது. நீ நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவனும் நல்லவன்தான்.

பொம்மைப் படம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று எவன் சொன்னான்? உன் அப்பா அவற்றைக் குழந்தைகளுக்காகத்தான் வாங்கிப்போட்டார். பல் பிடுங்க வந்த பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஒரு காண்ட்ராக்டர், கன்னம் தேங்காய் அளவு வீங்கியிருந்தது, முறை வந்ததும் எழுந்திருக்காமல் "டாக்டர், இந்த நரி தப்பிச்சிடட்டும், வந்துடுறேன்" என்றாராம். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு அவரோடு நின்று பார்த்திருக்கிறார்.

கலங்கரை விளக்கைக் காக்கும் கரடியின் படம் உனக்கு நினைவிருக்கும். அதன் தோழன் ஒரு நாரை. புயல் அடித்த நாளில் கடலுக்கு மேல் பறந்துபோய்த் திரும்பவில்லை. விளக்கு அணைந்தால் அதற்கு வழி தெரியாது என்று கரடி விளக்கைக் காத்துக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் தீர்ந்ததும் கதவைக் கழற்றி எரிக்கிறது. பிறகு நாற்காலி, பிறகு கட்டில். கட்டில் எரியும்போது கரடி தன் கைகளைப் பார்க்கும். இதைச் சின்னப் பிள்ளைக்கு என்று எடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியவில்லை. வரைந்தவன் கட்டாயம் எதையோ தொலைத்தவன்.

அந்தப் படங்களில் ஒரு நேர்மை இருக்கிறது. கோபம் என்றால் கோபம். துக்கம் என்றால் அந்தப் பக்கத்துச் சுவர்வரை தெரியும் துக்கம். ஒருவன் தூரத்தில் வரும்போதே நடையை வைத்து யார் என்று சொல்லிவிடலாம்.

மருத்துவரிடம் வர மாட்டேன். யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் விருந்தாளியாக உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பேன். என் வீட்டில் என்னை யாரும் கேள்வி கேட்க முடியாது.

அம்மா


மார்ச் 5

அம்மாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். இருபதாம் தேதி வருகிறேன். மருத்துவ நண்பர் ஒருவரும் கூட வருகிறார். வீட்டை வாடகைக்குக் கேட்கும் குடும்பத்தையும் அன்றே வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி. அடுப்பை அணைக்க மறந்து ஏதாவது ஆனபிறகு வந்து அழுவதைவிட இப்போது கெட்டவனாக இருந்துவிடுகிறேன்.

எழுத வேண்டாம் என்று இருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கல்யாணத்தன்று உங்கள் பேத்தி உங்கள் முன்னால் வந்து நின்றாள். கூந்தலைப் புதிதாகக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். பாட்டி என்ன சொல்வார்களோ என்று காலையிலிருந்தே அவளுக்கு ஒரே பரபரப்பு. வேண்டுமென்றே பேசாமல் நின்றாள். நீங்கள் "கொஞ்சம் வழி விடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

திரும்பும் வழியில் காரில் கேட்டாள். "பாட்டிக்கு என்ன மறந்துபோச்சாப்பா?"

நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகன்


மார்ச் 10

மகனுக்கு,

அந்தப் பெண் அவளா?

மணப்பெண்ணின் தோழிகளில் யாரோ என்று நினைத்தேன். நீளப் பின்னலை வைத்துத்தான் அவளை அடையாளம் வைத்திருந்தேன். வெட்டிவிட்டாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பேசியிருந்தால் குரலில் தெரிந்துகொண்டிருப்பேன். பேசாமல் நின்றால் எனக்குத் தெரியாது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்.

இதை யாருக்கும் சொல்வதாக இல்லை. உனக்கும்தான். ஆனால் அந்தப் பிள்ளை நான் அவளை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வளர்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

என் கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது. விழித்திரையின் நடு இடம் தேய்ந்துகொண்டே வருகிறது என்றார் கண் மருத்துவர். உன் அப்பா இறந்துபோன அடுத்த வருஷம் தனியாகப் போய்க் காட்டிக்கொண்டேன். என் வகைக்கு மருந்து இல்லை, ஆனால் முழு இருட்டாகாது என்றார். ஓரங்கள் தெரியும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. கண்ணாடியில் யாரோ கட்டை விரலை அழுத்தி வைத்ததுபோல ஒரு அழுக்கு, நான் பார்க்கும் இடத்துக்கெல்லாம் கூடவே வருகிறது. மண்டபத்தில் எனக்குப் புடவைக் கரை தெரிந்தது, தரை தெரிந்தது, விளக்குகள் தெரிந்தன. மனிதர்கள் கழுத்துவரைதான் தெரிந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை.

உன் மாமனாரும் அந்த வீடியோக்காரரும் ஒரே பருமன். இருவரும் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள். அவர் கேமராவின் கனத்துக்காகச் சாய்ந்தார் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகு புரிந்தது. அந்தக் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடிக்க எனக்கு முழுப் பகல் ஆயிற்று. என் எழுத்தை நான் திருப்பிப் படிப்பதில்லை என்று சொன்னது பெருமைக்கில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். திமிர்பிடித்தவள் என்றால் ஒதுங்கிப் போவார்கள். கண் தெரியாதவள் என்றால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த கையை அப்புறம் விட மாட்டார்கள். நானும் அப்படிப் பிடித்துக்கொண்டு போய்ப் படுக்கையில் உட்காரவைத்தவள்தான்.

இப்போது பொம்மைப் படம். சிடிப் பெட்டியைத் தூசி தட்டும்போது, ஓடுகிறதா என்று பார்க்க ஒன்றைப் போட்டேன். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். திரை நிறைய அந்தக் கரடியின் முகம். சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு, உள்ளே ஒரே நிறம், இரண்டு புள்ளி, ஒரு வளைவு. அந்த வளைவு கீழே இறங்கியது. கரடிக்கு வருத்தம் என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு முகத்தில் வருத்தத்தைப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல முடியாது. நீ வந்தபோதெல்லாம் உன் குரலில்தான் உன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். செய்தி வாசிப்பவர்கள், நாடகக்காரர்கள், எல்லாருக்கும் புகை. வரைந்த முகங்கள் மட்டும் எனக்குக் கிடைக்கின்றன. அதனால் பார்க்கிறேன்.

அதனால் மட்டும்தான் என்று எழுதினால் பொய். முதலில் முகத்துக்காகப் பார்த்தேன். இப்போது கதைக்காகவும் பார்க்கிறேன். நன்றாக இருக்கின்றன. உன் அப்பா "வந்து பாரேன், அந்த எலி பண்ற கூத்த" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வேலை இருந்தது.

நான் சிரித்ததைப் புயல் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். மற்றதைச் சொல்லவில்லை. நல்ல பெண்.

என் தலையில் எந்தக் கோளாறும் இல்லை. கண்ணுக்கு நீ என்ன முடிவு செய்தாலும் செய். புத்திக்கு என்று யாரையும் அழைத்து வராதே. குழந்தையிடம் இன்றே சொல்.

அம்மா


மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

பெயின்ட் பிரஷ்ஷால் எழுதுகிறேன். ஒரு தாளில் நாலு வரிதான் பிடிக்கிறது. அதனால் சுருக்கம்.

மருத்துவ நண்பரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாடகைக்குக் கேட்டவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் பேத்தியிடம் சொன்னேன். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். ராத்திரி வந்து, "அப்ப நான் பேசியிருந்தா பாட்டி என்னக் கட்டிப் பிடிச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஊரில் கட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. என் அம்மாவிடம் பார்க்கவில்லை.

வீட்டைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. கண் தெரியாமல் தனியாக இருப்பது இன்னும் ஆபத்து என்கிறாள் உங்கள் மருமகள். அவள் சொல்வது தப்பில்லை. நான் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தனியாகத்தான் வருகிறேன்.

கரடிப் படத்தை எடுத்துவையுங்கள். கிளினிக்கில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், முடிவு மட்டும் தெரியாது. அந்த அறையில் யாரும் எந்தப் படத்தையும் கடைசிவரை பார்த்ததில்லை. முறை வந்துவிடும், உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். நாரை திரும்பி வந்ததா?

உங்கள் மகன்


ஏப்ரல் 4

அன்புள்ள மகனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் மனைவி போன் செய்து சொன்னாள். அவளாகவே கூப்பிட்டாள். வீட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எதை எந்த நேரத்தில் பேசக் கூடாது என்பது அவளுக்குத் தெரிகிறது.

நீ வாசல் கேட்டைத் திறந்து, குரல் கொடுக்காமல் நின்றாய். என்னைச் சோதிக்கத்தான் நின்றாய், இல்லையா? அதற்கு முன்பே தெருவில் நீ நடந்து வந்ததைப் பார்த்துவிட்டேன். வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, தரையைக் கொஞ்சம் தேய்த்து. உன் அப்பா கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அதே நடைதான், அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. "செருப்பத் தேய்க்காம வாடா" என்று நான் சொன்னதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாய்.

படம் பார்த்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் கரடியின் வீட்டில் எரிக்க எதுவும் மிச்சமில்லை, படிக்கட்டு மட்டும்தான். அப்போது கடலுக்கு மேல் ஒரு புள்ளி. முகம் தெரியும் தூரமில்லை. சிறகடிப்பை வைத்தே கரடி எழுந்து நிற்கிறது. அந்த இடத்தில் நீ தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து சமையலறைக்குப் போனாய். வெகுநேரம் வரவில்லை. எனக்கு உன் முகம் தெரியாது என்பதை மறந்துவிட்டாய். மறைக்க எழுந்து போயிருக்க வேண்டியதில்லை. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

மறுநாள் பின்வாசல் படியில் நான் தடுமாறியதை நீ பார்த்தாய். நான் ஒன்றும் இல்லாததுபோல வாளியை எடுத்துக்கொண்டு போனேன். நீயும் பார்க்காததுபோலச் செய்தித்தாளைப் பிரித்தாய். இத்தோடு முடிந்தது, என் வீடு போயிற்று என்று நினைத்தேன். அன்று பகல் முழுவதும் துணிகளில் எதை எடுத்துக்கொள்வது, எதைப் புயலுக்குக் கொடுப்பது என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நீ கடைக்குப் போய்க் கறுப்புப் பெயின்ட்டோடு வந்தாய். ஏது என்று கேட்டேன். சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தாய். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கோடு. கதவு நிலைகளைச் சுற்றிக் கோடு. அடுப்பின் திருகில், சுவிட்சுகளைச் சுற்றி, வெள்ளைக் கோப்பைகளின் விளிம்பில். சாயங்காலம் நான் நடுக்கூடத்தில் நின்று ஓரக்கண்ணால் பார்த்தேன். என் வீடு எனக்குத் திரும்பத் தெரிந்தது. சுவர் எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது.

"வீட்டையே பொம்மைப் படமா ஆக்கிட்டியேடா" என்றேன்.

"கரடி மாதிரி நீங்க இதுக்குள்ள தாராளமா நடக்கலாம்" என்றாய்.

அதோடு நீ பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டாய். நல்லதுதான்.

மூன்றாம் படியின் கோடு நேராக இல்லை. இடது கோடியில் ஒரு விரல் ஏறியிருக்கிறது. கட்டடம் வரைபவன் போட்ட கோடு என்று வெளியில் சொல்லாதே.

நீ இருந்தபோது கேட்கக் கூச்சமாக இருந்ததை இப்போது கேட்கிறேன். இப்போது உன் முகம் எப்படி இருக்கிறது? எனக்கு நினைவில் இருப்பது உன் அப்பாவின் காரியத்தன்று பார்த்த முகம். அதற்குப் பிறகு மாறியிருக்கும். குழந்தையின் முகமும் மாறியிருக்கும். கரடியை வரைந்தவன்போல யாராவது வரைந்தால் எனக்குத் தெரியும். உனக்கு நேரம் இருந்தால்தான்.

அம்மா


ஏப்ரல் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரிய உறையாக வந்திருக்கும். மடிக்காமல் அனுப்பச் சொல்லித் தபால் ஆபீஸில் சண்டை போட்டேன். உள்ளே நாலு தாள்கள். எது யார் என்று எழுதவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

எனக்குச் சுவரும் ஜன்னலும்தான் வரும். முகம் வரையத் தெரியாது. முதலில் வரைந்ததைப் பார்த்து உங்கள் மருமகள், "இது நானா, இல்ல தண்ணித் தொட்டியா?" என்று கேட்டாள். பிறகு எல்லாரையும் ஜன்னலோரமாக உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். உங்கள் பேத்தி மூக்குக்காக என்னை மறுபடி மறுபடி வரையவைத்தாள். "பாட்டி இதத்தான் ரொம்ப நாளைக்கு ஞாபகம் வச்சிக்கப் போறாங்க, ஒழுங்கா போடுப்பா" என்றாள்.

நாலாவது ஆளை நான் கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்து அவராகவே வந்தார். நகையெல்லாம் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "அன்னிக்கு எப்படி எதிர்ல வந்தேனோ, அப்படியே போடுங்க மாப்பிள்ளை" என்றார். முடியும்வரை அதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். கன்னம் வலித்திருக்கும்.

வீட்டைப் பற்றிய முடிவு இது. நீங்கள் அங்கேயே இருங்கள். புயலைச் சாயங்காலம் வரை இருக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நீங்கள் எதிர்ப்புச் சொல்லக் கூடாது. படிக்கட்டின் கோடு நடக்க நடக்கத் தேயும். தேயும்போதெல்லாம் நான் வந்து போட வேண்டியிருக்கும். மூன்றாம் படியிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் மகன்


ஏப்ரல் 22

என் அன்பு மகனுக்கு,

உறை கசங்காமல் வந்து சேர்ந்தது. தாள்களை டிவிக்கு மேலே சுவரில் புயல் ஒட்டிக்கொடுத்தாள். நாற்காலி போட்ட இடத்திலிருந்து நான்கும் தெரிகின்றன. வாய் திறந்து யார் யார் என்று சொல்ல வந்தவளை அடக்கி வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தேன்.

முதல் தாள் நீ. தலையில் முடி இல்லை. உன் அப்பாவுக்கும் இதே வயதில்தான் போயிற்று. யாரும் எனக்குச் சொல்லவில்லையே. காதைப் பெரிதாகப் போட்டுவிட்டாய், உன் காது அப்படி இல்லை. நான் கழுவிவிட்ட காது, எனக்குத் தெரியும். கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அவை இருக்கின்றன என்றால் சரியாகத் தூங்கு.

இரண்டாவது உன் மனைவி. பக்கவாட்டில் உன்னைப் பார்த்து ஏதோ சொல்ல வருகிறாள். தண்ணீர்த் தொட்டி மாதிரி இல்லை.

மூன்றாவது தாளின் முன்னால் நிறைய நேரம் நின்றேன். மூக்கு நன்றாக வந்திருக்கிறது என்று அவளிடம் சொல். கழுத்தளவுக் கூந்தல் அவளுக்குப் பொருந்துகிறது. அன்று மண்டபத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது என் பக்கத்தில் வந்து பேசாமல் நிற்கட்டும். இப்போது எனக்குத் தெரியும்.

நான்காவது முகத்தை உடனே தெரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். நகை தெரிந்தது. பிறகு அந்த வளைவு தெரிந்தது, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம்வரை. அன்று அவர் இப்படியா சிரித்துக்கொண்டு வந்தார்? இத்தனை பெரிய சிரிப்பையா நான் தாண்டிப் போனேன்?

இன்று காலை அந்தத் தாளுக்கு எதிரே நின்று பதிலுக்குச் சிரித்தேன். தாமதம்தான். அவரிடம் சொல்லிவிடு.

அம்மா